இரண்டு விண்மீன்களைச் சுற்றும் கோளை மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கலாம்: ரீபவுண்ட் மென்பொருள் பற்றி

எம்.எஸ்சி. இயற்பியலில் புராஜெக்டுக்கு வானியல் எடுக்கலாமா என்று யோசிக்கிற மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டுகிற ஆசிரியர்களும் ரீபவுண்டை ஒருமுறை இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. இரட்டை விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் ஆர்வம் இருந்தால் வேறு எதையும் தேடவே வேண்டாம். நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் துறையில் இருப்பது 4 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினிகள். கீழே எழுதியிருக்கிற எல்லாம் அவற்றில் ஓடியவைதான்.

ரீபவுண்ட் என்ன செய்கிறது? விண்மீன், கோள், தூசுத் துகள் என்று எத்தனை பொருள் கொடுத்தாலும், ஒவ்வொன்றும் மற்றவற்றை நியூட்டன் விதிப்படி எப்படி இழுக்கிறது என்று கணக்கிட்டு, அடுத்தடுத்த கணத்தில் எது எங்கே இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும். டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஹானோ ரைன் இதன் முதன்மை ஆசிரியர். அவரும் ஷாங்-ஃபெய் லியூவும் 2012-ல் எழுதிய கட்டுரையோடு இது வெளிவந்தது. அப்போது சனியின் வளையங்கள் போல ஒன்றோடொன்று மோதும் துகள் கூட்டங்கள்தான் முக்கிய இலக்கு. இன்று கோள் இயக்கவியலில் ஆய்வு செய்பவர்கள் அன்றாடம் எடுத்து ஓட்டும் கருவியாக வளர்ந்துவிட்டது. உள்ளே கணக்குப் போடுவது சி மொழி, நாம் பேசுவது பைத்தானில். மூலநிரல் முழுவதும் திறந்தது, காசு கிடையாது. முன்பு எங்கள் துறையில் வாங்கிய ஒரு கணித மென்பொருள் உரிமக் காலம் முடிந்ததும் திறக்க மறுத்துவிட்டது. மாணவர்களின் பாதி வேலை அதற்குள் மாட்டிக்கொண்டது. அந்தக் கவலை இங்கே இல்லை.

நிறுவுவது எளிது. பைத்தான் ஏற்கெனவே இருந்தால், அதன் தொகுப்புகளை இறக்கித் தரும் பிப் வழியாக ஒரே கட்டளை. இணைய வேகம் குறைந்த இடத்திலும் சீக்கிரம் இறங்கிவிடும் அளவுக்குச் சின்னது. உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டும் ஜுப்பிட்டர் நோட்புக்கில் திறந்து வேலை செய்தால் படங்களும் அங்கேயே வரும். புதிய பதிப்புகளில், சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலாவியில் முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வசதி உண்டு. மாணவர்களுக்கு ஆர்வம் பற்றிக்கொள்வது அந்தத் திரையில்தான்.

சரி, இரட்டை விண்மீன் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எல்லோருக்கும் முதலில் கொடுப்பது கெப்ளர்-16. சிக்னஸ் விண்மீன் குழுவில் இருக்கிறது. 2011-ல் லாரன்ஸ் டாயிலும் அவர் குழுவினரும் அறிவித்தார்கள். இரண்டு விண்மீன்களையும் சேர்த்துச் சுற்றும் கோள், விண்மீன்களின் முன்னால் கடந்து போவது நேரடியாகப் பதிவான முதல் அமைப்பு அது. பெரிய விண்மீனின் நிறை சூரியனில் 0.69 பங்கு, சின்னதன் நிறை 0.20 பங்கு. இரண்டும் 0.22 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) இடைவெளியில் 41 நாளுக்கு ஒருமுறை சுற்றிக்கொள்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து, 0.70 வானியல் அலகு தொலைவில், 229 நாளில் ஒரு சுற்று வருகிறது சனி போன்ற ஒரு கோள். அதன் நிறை வியாழனில் மூன்றில் ஒரு பங்கு.

இதை ரீபவுண்டில் உள்ளிடுவதற்கு மூன்றே வரிகள் போதும். இங்கேதான் இந்த மென்பொருளை எழுதியவர்கள் மேல் எனக்கு மதிப்பு வந்தது. மூன்றாவதாக ஒரு பொருளைச் சேர்த்து அதன் பாதைத் தொலைவை மட்டும் சொன்னால், அதற்கு முன்பு சேர்த்த எல்லாப் பொருள்களின் பொது நிறை மையத்திலிருந்து அந்தத் தொலைவை ரீபவுண்ட் எடுத்துக்கொள்கிறது. இரட்டையைச் சுற்றும் கோளுக்கு நமக்குத் தேவையான கணக்கு அதேதான். நடுவில் ஒற்றைச் சூரியன் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்ட சிமுலேட்டர்களில் இதற்கு நாமே நிறை மையம் கண்டுபிடித்து, நிலை, திசைவேகம் எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டியிருக்கும். மாணவர்கள் அந்த இடத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். இங்கே இரட்டை விண்மீனும் இயல்பான அமைப்புதான்.

ஒரு எச்சரிக்கை. தொடங்கியவுடன் ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு 1 என்றுதான் இருக்கும். ஆண்டு, வானியல் அலகு, சூரிய நிறை என்று அலகுகளைச் சொல்லிவிட்டால் அதுவே 39.48 என்று மாற்றிக்கொள்ளும். சொல்லாமல் விட்டால் ஓர் ஆண்டு என்பது 6.28 நேர அலகாக வந்து நிற்கும். கோணங்களெல்லாம் ரேடியனில். 90 பாகை என்று நினைத்து 90 என்று எழுதினால் மென்பொருள் முணுமுணுக்காமல் 90 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு ஓடும். புதிதாக வருகிறவர்கள் இடறும் இடங்கள் இவை இரண்டும்தான், அதனால் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கெப்ளர்-16-ஐ ஓட்டியவுடன் மாணவர்களைத் திகைக்க வைப்பது, கோளின் சுற்றுக்காலம் நிலையாக நிற்காதது. ஒவ்வொரு கணமும் அச்சிட்டுப் பார்த்தால் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். "மேடம், எங்கேயோ தப்பு நடக்குது" என்பார்கள். தப்பு எதுவும் இல்லை. நடுவில் இருப்பது ஒரே பொருள் என்று வைத்துப் போடும் கெப்ளர் கணக்கை, நடுவில் இரண்டு பொருள்கள் ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் பொருத்தினால் அப்படித்தான் வரும். உண்மையான வானத்திலும் இது தெரிந்தது. கெப்ளர் விண்கலம் பதிவு செய்த முதல் மூன்று கடப்புகளில், பெரிய விண்மீனின் முன்னால் கோள் வந்து போன இடைவெளிகள் 230.3 நாளும் 221.5 நாளும். ஒரே கோள், ஆனால் இடைவெளி ஒன்பது நாள் மாறுகிறது, ஏனென்றால் கோள் வரும்போது விண்மீன் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அந்த ஒழுங்கின்மைதான் கோள் இரண்டையும் சுற்றுகிறது என்பதற்குச் சாட்சியாக நின்றது. மாணவர்கள் தங்கள் திரையில் கடப்பு நேரங்களைத் தாங்களே எடுத்து இடைவெளி மாறுவதைக் கண்ட பிறகு, ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையை அவர்கள் வாசிக்கும் விதமே மாறிவிடுகிறது.

அப்புறம் இன்டகிரேட்டர், அதாவது ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்கு நகர்த்தும் கணக்கு முறை. ரீபவுண்டில் பல வகை உண்டு, எதை எடுப்பது என்பதில்தான் இரட்டை விண்மீன் வேலையின் நேர்மை இருக்கிறது. இயல்பாக வருவது ஐஏஎஸ்15. ரைனும் டேவிட் ஸ்பீகலும் 2015-ல் வெளியிட்டது. பதினைந்தாம் படித் துல்லியம் கொண்டது. பொருள்கள் நெருங்கும்போது நேரப் படியைத் தானாகச் சின்னதாக்கிக்கொள்ளும், விலகும்போது பெரிதாக்கும். இரண்டு விண்மீன்களும் நீள்வட்டத்தில் நெருங்கி விலகும் அமைப்புக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். வேகமாக ஓட வேண்டுமென்றால் டபிள்யூஎச்ஃபாஸ்ட் இருக்கிறது. ஆனால் அதில் நேரப் படி மாறாதது, நாமே கொடுக்க வேண்டும். கோளின் சுற்றுக்காலத்தைப் பார்த்துப் படியை வைத்தால் உள்ளே சுற்றும் விண்மீன்களின் பாதை சிதைந்துவிடும். இரட்டையின் சுற்றுக்காலத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக வைக்க வேண்டும், அப்போதும் மொத்த ஆற்றல் மாறாமல் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஆற்றல் பிழையை வரைபடமாக்காத புராஜெக்ட் அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி அடுத்தது. இரட்டை விண்மீனுக்கு எவ்வளவு பக்கத்தில் ஒரு கோள் பிழைத்திருக்க முடியும்? 1999-ல் மேத்யூ ஹோல்மனும் பால் வீகர்ட்டும் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். நிறையற்ற துகள்களை வெவ்வேறு தொலைவில் வைத்து, இரட்டை 10,000 முறை சுற்றும் வரை ஓட்டி, எது தங்குகிறது, எது தூக்கி எறியப்படுகிறது என்று பார்த்து எழுதிய சமன்பாடு அது. இரண்டு விண்மீன்களின் நிறை விகிதமும் பாதையின் மையத்தொலைத்தகவும் (வட்டத்துக்கு 0, நீள நீள 1-ஐ நெருங்கும் எண்) தெரிந்தால் போதும், எல்லைத் தொலைவு வந்துவிடும். கெப்ளர்-16-க்கு எண்களைப் போட்டால் சுமார் 0.65 வானியல் அலகு. கோள் இருப்பது 0.70-ல். ஆபத்து எல்லைக்கு வெளியே, ஆனால் ஒட்டியே.

அன்று அவர்கள் செய்த சோதனையை இன்று எங்கள் பழைய மடிக்கணினியில் மாணவர்கள் தாங்களே திரும்பச் செய்ய முடிகிறது. கெப்ளர்-16-க்கு 10,000 சுற்று என்பது கிட்டத்தட்ட 1,125 ஆண்டு. 0.4-லிருந்து 1 வானியல் அலகு வரை துகள்களை வரிசையாக வைத்து, குறிப்பிட்ட தொலைவைத் தாண்டினால் "வெளியேறியது" என்று நிறுத்தச் சொல்லி ஓட்டலாம். அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரு நடைமுறைக் குறிப்பு: எல்லாத் துகளையும் ஒரே சிமுலேஷனில் போடாதீர்கள். ஒரு துகள் விண்மீனை உரசிக்கொண்டு போனால், ஐஏஎஸ்15 அந்த ஒன்றுக்காக எல்லாருடைய நேரப் படியையும் சுருக்கிவிடும், கணினி நகராது. தொலைவுக்கு ஒரு தனிச் சிமுலேஷன் என்று பிரித்துக்கொண்டால், இரவு ஓடவிட்டுக் காலையில் வந்து பார்க்கும் அளவுக்கு வேலை முடிந்திருக்கும்.

வரும் படம் சமன்பாடு சொல்வதைவிட நுணுக்கமானது. சமன்பாடு ஒரே ஒரு கோடு போடுகிறது: உள்ளே சாவு, வெளியே வாழ்வு. உண்மையில் எல்லை பற்சக்கரம் மாதிரி இருக்கிறது. இரட்டை ஐந்து முறை சுற்றும்போது துகள் ஒரு முறை சுற்றும் இடம் 0.66 வானியல் அலகுக்கு அருகில். ஆறுக்கு ஒன்று என்ற இடம் 0.74-க்கு அருகில். துகளின் பாதையைக் கொஞ்சம் நீள்வட்டமாக்கினால், இந்த ஒத்ததிர்வு இடங்களில் குழப்பம் புகுந்து துகள்கள் கழன்றுபோகின்றன. நடுவில் உள்ள இடைவெளி அமைதியாக இருக்கிறது. கெப்ளர்-16-இன் கோள் எங்கே? 229-ஐ 41-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 5.6. சரியாக அந்த அமைதியான இடைவெளியில். எங்கள் மாணவி ஒருத்தி இந்தப் படத்தை முதன்முதலில் வரைந்துவிட்டு, "மேடம், இது ஏன் இந்த இடத்துல மட்டும் தப்பிச்சு நிக்குது?" என்று கேட்டாள். ஆய்வுக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக விவாதிக்கப்பட்ட கேள்வியை அவளாகவே வந்து தொட்டுவிட்டாள். ஒரு மென்பொருளிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

கெப்ளர்-34, கெப்ளர்-35 இரண்டையும் இதே மாதிரி ஓட்டலாம். 34-இல் விண்மீன்கள் இரண்டும் சூரியனைப் போன்றவை, பாதையின் மையத்தொலைத்தகவு 0.52, அதனால் எல்லை நன்றாக வெளியே தள்ளப்படுகிறது. கெப்ளர்-47 இன்னும் நல்ல பயிற்சி. 7.45 நாளில் சுற்றும் இரட்டையை மூன்று கோள்கள் சுற்றுகின்றன, சுற்றுக்காலம் சுமார் 49, 187, 303 நாள். நடுக்கோளைக் கடைசியாக, 2019-ல்தான் உறுதி செய்தார்கள். அதன் பாதைத் தளம் காலப்போக்கில் மெல்லத் திரும்பியதில் கடப்பு வலுவாகத் தெரியத் தொடங்கியதுதான் காரணம். தளம் திரும்புவதையும் ரீபவுண்டில் காணலாம். கெப்ளர்-16-இலேயே கோளின் தளம் இரட்டையின் தளத்திலிருந்து அரைப் பாகைக்கும் குறைவாகச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வின் திசை நாற்பது சொச்சம் ஆண்டில் ஒரு முழுச் சுற்றுத் திரும்புகிறது. இதனால் கோள் சின்ன விண்மீனின் முன்னால் கடப்பது 2014-லும், பெரிய விண்மீனின் முன்னால் கடப்பது 2018-லும் நின்றுபோகும் என்றும், மறுபடி 2042-ஐ ஒட்டித்தான் தொடங்கும் என்றும் கண்டுபிடிப்புக் கட்டுரையிலேயே கணித்திருந்தார்கள். சாய்வுக் கோணத்தை ஆண்டுவாரியாக வரைந்தால் அந்த அலை அப்படியே கிடைக்கும். கடப்பு நின்றாலும் கோளைப் பின்தொடர வேறு வழி உண்டு. 2022-ல் அமோரி ட்ரியோவும் குழுவினரும் பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்தில் 193 செ.மீ. தொலைநோக்கியை வைத்து, விண்மீனின் ஆட்டத்திலிருந்தே இந்தக் கோளைப் பிடித்துக் காட்டினார்கள்.

இனி, இளம் விண்மீன்களைச் சூழ்ந்திருக்கும் வாயு, தூசு வட்டுகள். இங்கே ரீபவுண்டின் பலமும் எல்லையும் சேர்ந்தே தெரியும்.

எச்டி 98800 என்று ஓர் அமைப்பு, சுமார் 150 ஒளியாண்டு தொலைவில். நான்கு விண்மீன்கள், இரண்டிரண்டு ஜோடியாக. வயது சுமார் ஒரு கோடி ஆண்டு. ஒரு ஜோடியைச் சுற்றி மட்டும் வாயுவும் தூசும் கொண்ட வட்டு இருக்கிறது. அந்த ஜோடி 315 நாளில் சுற்றுகிறது, பாதை மிகவும் நீண்டது, மையத்தொலைத்தகவு 0.785. சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கியால் கிராண்ட் கென்னடியும் குழுவினரும் பார்த்து 2019-ல் வெளியிட்டது: அந்த வட்டு விண்மீன்களின் பாதைத் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதாவது விண்மீன்கள் கிடைமட்டமாகச் சுற்றினால், வட்டு எழுந்து நிமிர்ந்து அவற்றைச் சூழ்ந்து நிற்கிறது.

இது எப்படி நிலைக்கும் என்று கேட்டால், சொற்களால் விளக்குவது கடினம், ரீபவுண்டில் காட்டுவது சுலபம். அந்த ஜோடியை வைத்து, 4 வானியல் அலகு தொலைவில் நிறையற்ற துகள்களை வெவ்வேறு சாய்வில் விட வேண்டும். சாய்வு திரும்பியிருக்கும் திசையும் முக்கியம், அதனால் எல்லாத் துகளுக்கும் கணுக்கோணத்தை (துகளின் தளம் விண்மீன்களின் தளத்தை வெட்டும் கோடு, விண்மீன் பாதையின் நெட்டச்சோடு அமைக்கும் கோணம்) 90 பாகையில் வைத்துத் தொடங்குங்கள். சில நூறு ஆண்டு ஓட்டினால் போதும். சாய்வு குறைவான துகள்களின் தளம், விண்மீன்களின் தளத்துக்கு நேர்க்குத்தான அச்சைச் சுற்றித் திரும்பும். ஒரு குறிப்பிட்ட சாய்வைத் தாண்டியவை வேறொரு அச்சைப் பிடித்துக்கொள்கின்றன: விண்மீன் பாதையின் நெட்டச்சு. அதைச் சுற்றி, செங்குத்து நிலையை நடுவாக வைத்து ஊசலாடுகின்றன. 0.785 என்ற மையத்தொலைத்தகவுக்கு அந்த எல்லைச் சாய்வு வெறும் 20 பாகைக்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவு குறைந்த சாய்விலேயே துகள் "நிமிரும்" கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. இரட்டையின் பாதையை வட்டமாக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் இந்த நடத்தையே காணாமல் போகும். ஒரு எண்ணை மாற்றி இரண்டு படங்களை அருகருகே வைப்பது, ஒரு மணி நேரக் கரும்பலகை விளக்கத்தைவிட நன்றாக மனதில் நிற்கிறது.

ஆனால் துகள்கள் ஊசலாடிக்கொண்டேதான் இருக்கும், செங்குத்தில் வந்து அமராது. அமர வைப்பது வாயுவின் பாகுத்தன்மை. உராய்வில் ஊசலாட்டம் மெல்லத் தணிந்து வட்டு 90 பாகையில் நிலைகொள்கிறது. ரீபவுண்டில் வாயு கிடையாது. அழுத்தம், பாகுநிலை, அலைகள் எதுவும் இல்லை. இது குறை என்பதைவிட அது எடுத்துக்கொண்ட வேலையின் எல்லை. வட்டு பற்றி ஆய்வு செய்ய வருபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஜிஜி டாரி என்ற இளம் அமைப்பைச் சுற்றி ஒரு பெரிய வளையம் இருக்கிறது, நடுவில் விண்மீன்கள் துடைத்துக் காலியாக்கிய பெரிய வெற்றிடம். அந்த வெற்றிடம் உருவாவதை ரீபவுண்டின் துகள்கள் ஓரளவு காட்டிவிடும். 2014-ல் ஆல்மா அதே வெற்றிடத்துக்குள் வாயு இழைகள் உள்நோக்கிப் பாய்வதைப் படம் பிடித்தது. அந்தப் பாய்ச்சலை ரீபவுண்டில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு ஃபான்டம், ஃபார்கோ3டி போன்ற பாய்ம இயக்கவியல் மென்பொருள்கள் உண்டு. அவையும் இலவசம்தான், ஆனால் எங்கள் மடிக்கணினிகள் அவற்றைத் தாங்கா.

நடுவழியாக ஒரு துணை மென்பொருள் இருக்கிறது, ரீபவுண்ட்எக்ஸ். டான் டமாயோ முன்னின்று எழுதியது. பொதுச் சார்பியல் திருத்தம், ஓதவிசை, வட்டு கோளை உள்ளே இழுக்கும் இடப்பெயர்ச்சி போன்றவற்றைக் கூடுதல் விசைகளாகச் சேர்க்கும். கெப்ளர்-16-இன் கோள் இப்போதுள்ள இடத்திலேயே பிறந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பது பரவலான கருத்து. விண்மீன்கள் கலக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் சின்னப் பாறைகள் வேகமாக மோதி உடையுமே தவிர ஒட்டி வளராது. வெளியே அமைதியான பகுதியில் பிறந்து, வட்டு இழுத்து உள்ளே வந்து, வெற்றிடத்தின் விளிம்பில் நின்றிருக்க வேண்டும். கெப்ளர் கண்ட இத்தகைய கோள்களில் பல அந்த எல்லையை ஒட்டியே இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. ரீபவுண்ட்எக்ஸில் ஒரு கோளை மெல்ல உள்ளே நகர்த்தி, நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். எல்லையைத் தாண்டியதும் ஒன்று விண்மீனில் விழும், இல்லாவிட்டால் அமைப்பை விட்டே வெளியேறும். பெரும்பாலும் வெளியேறும்.

இரட்டையில் ஒரே ஒரு விண்மீனை மட்டும் சுற்றும் கோளுக்கும் ரீபவுண்ட் சரிவரும். எதைச் சுற்றுகிறது என்று பொருளைச் சுட்டிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆல்ஃபா சென்டாரியின் இரண்டு பெரிய விண்மீன்கள் 80 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றிவருகின்றன, மிக நெருங்கும்போது இடைவெளி சுமார் 11 வானியல் அலகு. மே மாத இரவுகளில் எங்கள் ஊரிலிருந்து தெற்கு அடிவானத்துக்கு மேலே அதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் மாணவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுட்டியால் தட்டிக் கோளை வைக்கும் மென்பொருள் இது கிடையாது. பைத்தான் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பள்ளி மாணவர்களிடம் நேராகக் கொடுத்தால் பயன்படாது. படங்கள் அழகுக்காக வரைந்தவை அல்ல, விண்மீனுக்கு ஒளியும் கோளுக்கு மேகமும் இருக்காது, கோடும் புள்ளியும்தான். விளக்க ஆவணங்கள் மிக நன்றாக எழுதப்பட்டவை, ஓடக்கூடிய எடுத்துக்காட்டுகள் ஏராளம், ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் பி.எஸ்சி. முடித்து வரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. நான் பத்துப் பக்கத்துக்கு ஒரு தமிழ்க் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், அது இருந்தால் பிள்ளைகள் தாங்களாகவே போய்விடுகிறார்கள். பதிப்பு மாறும்போது சில கட்டளைகளின் பெயர் மாறிவிடும். பழைய புராஜெக்ட் நிரலை அப்படியே எடுத்து ஓட்டினால் பிழை காட்டலாம். அதனால் அறிக்கையில் பதிப்பு எண்ணை எழுதச் சொல்கிறேன்.

அதே சமயம், சேமித்த சிமுலேஷன் கோப்பு ஒன்றை வேறு கணினியில் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடர முடிவது பெரிய உதவி. மின்வெட்டு வந்தாலும் இரவு முழுக்க ஓடிய வேலை வீணாவதில்லை. எந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்ட வேண்டும் என்று கேட்டால், நீங்கள் பயன்படுத்திய இன்டகிரேட்டரைப் பார்த்து அதுவே பட்டியல் கொடுக்கும் கட்டளையும் புதிய பதிப்பில் உண்டு. பிறர் உழைப்புக்கு மரியாதை செலுத்தும் பழக்கம் பிள்ளைகளுக்கு அங்கேயே வந்துவிடுகிறது.

இந்தப் பருவத்துக்கு நான் கொடுத்திருக்கும் வேலை 2எம்1510. விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை சேராத இரண்டு பழுப்புக் குறுமீன்கள், 21 நாளில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. 2025 ஏப்ரலில் தாமஸ் பேக்ராஃப்ட்டும் குழுவினரும் வெளியிட்ட முடிவின்படி, அந்த ஜோடியின் நீள்வட்டப் பாதை எதிர்த்திசையில் மெல்லத் திரும்புகிறது. செங்குத்தான பாதையில் ஒரு கோள் சுற்றினால் அப்படி நடக்கும் என்கிறார்கள். கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. ரீபவுண்டில் ஜோடியை வைத்து, கோளை முதலில் ஒரே தளத்தில் விட்டும் அடுத்து 90 பாகையில் நிறுத்தியும் ஓட்டி, நெட்டச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். சார்பியல் திருத்தம் நெட்டச்சை முன்னோக்கித் தள்ளும், அதற்கு ரீபவுண்ட்எக்ஸைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோளின் நிறையையும் தொலைவையும் மாற்றி மாற்றி எவ்வளவு வரை பொருந்துகிறது என்று வரைபடம் போடுவது மாணவர்கள் பொறுப்பு.